முதல் சுற்றில் தோற்காத ஓட்டம்: ராணுவத் தேர்வுக்குத் தோட்டத்துத் திடலில் தயாராவது

மலேசிய ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்த மறுநாளே பகாவ் வட்டாரத் திடல்களில் கூட்டம் கூடிவிடும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் மாலையில் வந்து, கடிகாரத்தைத் தட்டிவிட்டு, தேர்வில் ஓட வேண்டிய 2.4 கிலோமீட்டரை உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். மறுநாளும் அதே ஓட்டம், அதற்கடுத்த நாளும் அதே ஓட்டம். முதல் வாரம் நேரம் குறையும், இரண்டாவது வாரம் நின்றுவிடும், மூன்றாவது வாரம் முன்னங்கால் எலும்பு வலி எடுக்கும். தேர்வன்று நொண்டிக்கொண்டு போவார்கள். இவர்களிடம் முயற்சிக்குக் குறைவில்லை. தினமும் 2.4 ஓடிப் பார்ப்பது தேர்வு எழுதுவதே தவிர, பாடம் படிப்பதல்ல. அந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் நல்ல உடம்புள்ள பிள்ளைகள்கூடத் திரும்பி வருகிறார்கள்.

பகாவ் இருக்கும் ஜெம்போல் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கனவும் அல்ல. தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி மையமான புசாஸ்டா இதே நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சனில் இருக்கிறது. தேர்வாகும் இளம் வீரர்களுக்கு ஆறு மாத அடிப்படைப் பயிற்சி அங்கேதான். ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் உடற்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, நேர்முகம் எனப் படிகள் உண்டு. உயரம், எடை, வயது, எத்தனை தண்டால், எத்தனை நிமிடம் என்பவை படைக்குப் படை, ஆணுக்கும் பெண்ணுக்கும், சில சமயம் ஒவ்வொரு சேர்ப்புக்கும் மாறும். ஆகவே போன வருடம் போய்வந்த அண்ணன் சொன்ன கணக்கை நம்பாமல், இந்த வருட அறிவிப்பைப் படித்து அதில் உள்ளதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று வரும் ஏஜென்டுகளை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

2.4 கிலோமீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் தம் 12 நிமிட ஓட்டச் சோதனையை வெளியிட்டார். அதோடு வந்த ஒன்றரை மைல் ஓட்டம்தான் மெட்ரிக் கணக்கில் 2.4 ஆகிப் பல நாட்டுப் படைகளுக்குள் நுழைந்தது. உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமல் மதிப்பிடுவதே இதன் நோக்கம். 483-ஐ ஓடிய நிமிடங்களால் வகுத்து 3.5 கூட்டினால், ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று கிட்டத்தட்டத் தெரியும். 12 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு ஏறக்குறைய 44. பத்தே நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 52.

இந்தக் கணக்கு நமக்குச் சொல்வது ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிட ஓட்டத்தில் செலவாகும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பக்கம் ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. அதாவது இது வேகப் பந்தயம் போலத் தோன்றினாலும் உள்ளே நடப்பது தாக்குப்பிடிக்கும் வேலை. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடுவதும், தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுவதும் மெதுவான, நீண்ட ஓட்டத்தில்தான் நிதானமாக வளரும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் அவசரப்பட்டு வாங்க முடியாது. ஆகவே அறிவிப்புக்குக் காத்திராமல், குறைந்தது பன்னிரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது.

முதலில் தூரத்தை அளக்க வேண்டும். பாதி ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. முழு அளவுக் காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோட்டின் மேல் ஒரு சுற்று 346 மீட்டர், ஏழு சுற்று 2,422 மீட்டர். தமிழ்ப்பள்ளித் திடல்கள் இதைவிடச் சிறியவை. 90-க்கு 45 என்றால் சுற்று 270 மீட்டர்தான். அதை 400 என்று நினைத்து ஆறு சுற்று ஓடிவிட்டு, எட்டு நிமிடத்தில் முடித்தேன் என்று மகிழ்பவர் தேர்வன்று அதிர்ந்து போவார். 30 மீட்டர் அளவு நாடாவை இரவல் வாங்கி ஒரு முறை அளந்தால் போதும். மோட்டார் சைக்கிளின் கிலோமீட்டர் முள் இதற்கு ஆகாது. கைப்பேசிச் செயலியும் செம்பனைக்குள் நம்பத் தகுந்ததல்ல, மட்டைகள் வானத்தை மூடிவிடுவதால் கோடு இங்கும் அங்கும் குதிக்கும்.

செம்பனை மரங்களே நல்ல அளவுகோல். முக்கோண நடவில் மரத்துக்கு மரம் பெரும்பாலும் 9 மீட்டர், ஹெக்டருக்கு ஏறத்தாழ 140 மரம். பாதை நிரையோடு ஒட்டிப் போகிறதென்றால் 11 இடைவெளி 99 மீட்டர். ஒரு முறை நாடாவால் சரிபார்த்துக்கொண்டு, 200, 400 மீட்டரில் மரத்தில் சாயத் துணி கட்டிவிட்டால் அதுவே ஓடுதளம். பாதை நிரைக்குக் குறுக்கே போனால் இடைவெளி 9 மீட்டராக இராது, சுமார் 7.8 மீட்டர்தான். அங்கே இந்தக் கணக்கு பொய்க்கும்.

இனிப் பயிற்சி. முதல் நான்கு வாரம் வேகம் என்ற பேச்சே வேண்டாம். வாரம் நான்கு நாள், 30 நிமிடம். புதிதாகத் தொடங்குபவர் மூன்று நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பார். இப்படி ஆறு முறை. வாரத்துக்கு வாரம் நடையைக் குறைத்துக்கொண்டே போய், நான்காவது வார முடிவில் 30 நிமிடம் நிற்காமல் ஓடினால் சரியான பாதையில் இருக்கிறார். எவ்வளவு மெதுவாக? ஓடிக்கொண்டே ஒரு குறளை ஏழு சீரும் உடையாமல் சொல்ல முடிய வேண்டும். நாலாவது சீரில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வாலிபப் பிள்ளைகளுக்கு இது மிகவும் கடினமான பாடம். பக்கத்தில் ஒருவன் முந்திப்போனால் கால் தானாக விரைந்துவிடும். மெதுவாக ஓடுவது கேவலம் என்ற எண்ணத்தை முதலில் கழற்றிவைக்க வேண்டும்.

நான்காவது வாரக் கடைசியில் ஒரு சோதனை ஓட்டம் ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். 13 நிமிடம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டருக்கு 2 நிமிடம் 10 விநாடி. ஐந்தாவது வாரத்திலிருந்து வாரத்தில் ஒரே ஒரு நாள் இடைவெளி ஓட்டம்: 400 மீட்டரை 2:05-இல் ஓடி, 90 விநாடி நடந்து, மீண்டும் ஓட வேண்டும். ஆறு முறை. இரண்டு மூன்று வாரம் கழித்து 2:00. பிறகு எட்டு முறை. ஒன்பதாவது வாரம் முதல் 600 மீட்டர் ஐந்து, பின்னர் 800 மீட்டர் மூன்று என்று துண்டு நீளும், ஓய்வு இரண்டு நிமிடம் ஆகும். 13 நிமிடக்காரர் முதல் நாளே 1:40-இல் ஓடக் கூடாது. ஏதாவது ஒரு துண்டு முதல் துண்டைவிட 5 விநாடிக்கு மேல் பிந்தினால் அன்றைய பயிற்சி முடிந்தது. அதற்கு மேல் ஓடுவது களைப்பைத்தான் சேர்க்கும்.

மற்ற நாட்களில் இரண்டு மெதுவோட்டம், 30 முதல் 40 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம், 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை. ஒரு நாள் முழு ஓய்வு, அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மண்வெட்டி, செம்பனைக் குலை ஏற்றுதல் என்று பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள் அந்த நாளின் உழைப்பையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும். குலை தூக்கிய மாலையில் இடைவெளி ஓட்டம் ஓடினால் முதுகும் முழங்காலும் சேர்ந்து போகும்.

பன்னிரண்டாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்க வேண்டும். கடைசிக் கடும் பயிற்சி தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு. பயத்தில் முந்தின நாள் ஒரு முறை ஓடிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஓடக் கூடாது.

காலுக்கு வருவோம். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவாக இறுகா. மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டும்போது, பின்தங்கிய எலும்பு அடி வாங்குகிறது. புதிதாகப் படையில் சேர்ந்தவர்களின் பாதத்தில் வரும் வலியையும் வீக்கத்தையும் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹௌப்ட் 1855-லேயே எழுதிவைத்தார். அது அணிவகுப்பில் வரும் நுண்முறிவு என்று எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெளிவானது. முன்னங்காலின் உட்புற விளிம்பில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கோடு போல வலித்தால் அது பெரும்பாலும் எலும்பு உறையும் தசையும் இழுபடும் வலி. நான்கைந்து நாள் ஓய்வு, பனிக்கட்டி, பிறகு பாதித் தூரம் என்று சரிசெய்யலாம். ஒரே ஒரு விரல் வைக்கும் இடத்தில் சுள்ளென்று வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் தாங்க முடியாமல், இரவிலும் வலித்தால் நுண்முறிவாக இருக்கக்கூடும். அதற்குத் தைலம் தேய்த்து ஓடக் கூடாது. கிளினிக்கில் காட்ட வேண்டும், ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் இல்லை. தேர்வு தவறுமே என்று மறைத்து ஓடியவர்களுக்கு முழு முறிவாகியிருக்கிறது. அடுத்த சேர்ப்பு வரும், உடைந்த கால் அவ்வளவு எளிதில் பழையபடி வராது.

காலணி விஷயத்தில் காசு கொஞ்சம் செலவழிக்கத்தான் வேண்டும். தேய்ந்த பள்ளிக்கூடக் காலணியில் தாரோட்டில் ஓடுவது முன்னங்கால் வலிக்கு நேர்வழி. தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோர் போடும் கறுப்பு ரப்பர் காலணி, ஊர்க்காரர்கள் சொல்லும் ‘அடிடாஸ் கம்போங்’, சகதியில் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. மழைக்காலச் செம்மண் பாதையில் வாரம் ஒரு நாள் ஓட அது போதும். ஆனால் அதில் மெத்தை கிடையாது. வாரம் நான்கு நாள் ஓட்டத்துக்கு ஒரு சாதாரண ஓட்டக் காலணி வாங்கிவிட வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அதன் அடி செத்துவிடும். புதுக் காலணியைத் தேர்வன்று முதன்முதலாகப் போடக் கூடாது, குறைந்தது இரண்டு வாரம் அதில் ஓடியிருக்க வேண்டும்.

எங்கே ஓடுவது என்றால், புல்திடலும் இறுகிய செம்மண் பாதையும் முதல் தேர்வு. புதிதாக மெட்டல் கல் கொட்டிய பாதையில் கணுக்கால் பிசகும். லோரி குலை ஏற்றிவரும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம். மருந்து அடித்த நிரைகளில் அன்று ஓடக் கூடாது. எந்தப் பக்கம் மருந்தடிப்பு என்று, காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. ஆறு மணிக்கு ஓடுகிறவர் கைவிளக்கும் ஒளிர்பட்டையும் இல்லாமல் இறங்கக் கூடாது. செம்பனையில் எலி உண்டு, எலியைத் தேடி நாகம் வரும், காய்ந்த மட்டைக் குவியலை ஒட்டி ஓடாமல் பாதையின் நடுவில் ஓட வேண்டும். பெண்பிள்ளைகள் குழுவாகப் போவது எல்லா வகையிலும் நல்லது.

இன்னொரு சிக்கல், எல்லாப் பயிற்சியையும் இருட்டிலும் குளிர்ச்சியிலுமே முடித்துவிடுவது. தேர்வு ஓட்டம் பதிவு, அளவெடுப்பு எல்லாம் முடிந்து ஒன்பது பத்து மணி வெயிலில் நடக்கலாம். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். ஆகவே கடைசி மூன்று வாரத்தில் வாரம் இரண்டு மூன்று மெதுவோட்டத்தை ஒன்பது மணிக்கு மாற்றிக்கொள்ளலாம். கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத் தாக்கு. வியர்வை வழிந்துகொண்டே இருந்தாலும்கூட. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, கிடைத்த குளிர்ந்த நீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிற வேண்டும், கூடவே 999-ஐ அழைக்க வேண்டும். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் வண்டி. மாலை இடியோடு மேகம் கறுத்தால் திடலைவிட்டு உடனே வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை திரும்பக் கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு வீட்டுக்குள் தண்டால் மட்டும்.

தண்டாலில் பிள்ளைகள் இழப்பது பலத்தால் அல்ல, எண்ணிக்கையில் சேராததால். தெக்கான் தூபி என்று அங்கே சொல்வார்கள். தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு, மார்பு தரையிலிருந்து ஒரு கைமுஷ்டி உயரத்துக்கு இறங்கி, கை முழுதாக நீளும்வரை எழ வேண்டும். இடுப்பு தொங்கினாலோ முழங்கை பாதியில் நின்றாலோ அதிகாரி முந்தின எண்ணையே மறுபடி சொல்வார். 40 எடுத்தவருக்கு 26 என்று எழுதப்படுவது இப்படித்தான். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சரியானதை மட்டும் எண்ணச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் 20 வருகிறதென்றால், காலை, மதியம், மாலை, இரவு எனத் தனித்தனியாகப் பத்துப் பத்தாக எடுப்பது, ஒரே நேரத்தில் துவண்டு விழுவதைவிட வேகமாக எண்ணிக்கையைக் கூட்டும்.

பாங்குன் தூபி என்னும் எழுந்து உட்காரும் பயிற்சியில் முழங்கால் மடிந்திருக்க வேண்டும். கையால் கழுத்தை இழுத்து எழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிடத் தேர்வு என்றால் முதல் 20 விநாடியில் கொட்டித் தீர்க்காமல் ஒரே தாளத்தில் போக வேண்டும். கம்பியில் தாடை ஏற்றுவது ஒன்றுகூட வராதவர் நாற்காலியில் ஏறி, தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து விநாடி எண்ணி மெல்ல இறங்க வேண்டும். ஐந்து முறை, வாரம் மூன்று நாள். ஒரு மாதத்துக்குள் பலருக்கு முதல் ஏற்றம் வந்துவிடும்.

மருத்துவத்தை ஓட்டத்துக்கு முன்பே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் பாதம் முழுவதும் பதிகிறதா? குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும்போது உள்வளைவு தெரிகிறதா? தெரிந்தால் நெகிழ்வான தட்டைப் பாதம், தெரியாவிட்டால் மருத்துவர் கருத்து வேண்டும். நிறக்குருடு, கண் பார்வை, முட்டிகள் உரசுவது, கெண்டைக்கால் நரம்பு புடைப்பு, சொத்தைப் பல் இவையெல்லாம் பார்க்கப்படும். பல்லை இப்போதே அடைத்துவிடலாம். சிறுநீர்ச் சோதனை பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து போதைப்பொருள் சோதனையில் காட்டிவிடும். கெத்தும் என்னும் போதை இலையின் நீரில் உள்ள மித்ராஜைனின் என்ற பொருள் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. நண்பன் கொடுத்த ஒரு குவளை, ஒரு வருட உழைப்பைக் கவிழ்த்துவிடும்.

தேர்வு நாள் காலை, ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இரண்டு துண்டு ரொட்டியில் காயா, ஒரு வாழைப்பழம், மைலோ. அரை லிட்டர் தண்ணீரையும் அப்போதே குடித்துவிட வேண்டும். சம்பல் மிதக்கும் நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தேர்வு முடிந்த பிறகு. புதிதாக ஓர் ஊக்கப் பானத்தை அன்று முயன்று பார்க்கக் கூடாது, வயிறு கலங்கும்.

ஓட்டத்தில் அடிவாங்குவது முதல் 400 மீட்டரில். விசில் ஊதியதும் எல்லோரும் பாய்வார்கள். 12 நிமிட இலக்கு உள்ளவருக்குச் சுற்றுக்கு 2 நிமிடம். அவர் கூட்டத்தோடு ஓடி முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்தால் 30 விநாடி சேமித்ததாகத் தோன்றும். மீதி ஐந்து சுற்றும் 2:10 ஆக நொறுங்கி, மொத்தம் 12:20-இல் முடிப்பார். முதல் சுற்று 2:02, அடுத்த நான்கும் 2:00, கடைசிச் சுற்றில் இருப்பதையெல்லாம் கொட்டுவது என்று போனவர் அவரை ஐந்தாவது சுற்றில் தாண்டுவார். உள்கோட்டை ஒட்டி ஓட வேண்டும். ஒரு மீட்டர் வெளியே ஓடினால் சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல் கூடும், ஆறு சுற்றில் 38 மீட்டர், பதினோரு விநாடி. முந்துவதை வளைவில் செய்யாமல் நேர்ப்பாதையில் செய்ய வேண்டும். கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தண்டால் அடுத்து வரலாம்.

தேர்வானோர் பட்டியல் வந்த பிறகு கறி விருந்து நடக்கும், ஓட்டம் நின்றுவிடும். போர்ட்டிக்சனில் அணிசேரும் நாள் வருவதற்குள் சில வாரங்கள் கடக்கலாம். மூன்று நான்கு வாரம் முழுதாக விட்டாலே மூச்சு வெகுவாக இறங்கிவிடும், அங்கே முதல் வாரத்திலேயே பூட்சில் நின்று நடந்து ஓட வேண்டியிருக்கும். வாரம் மூன்று நாள், 30 நிமிடம், ஏழு சீரும் சொல்லக்கூடிய அதே மெதுவோட்டம். ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் நான்கு முறை. புறப்படும் நாள்வரை இதை விட்டுவிடக் கூடாது.